பெரட்டில் பெயர் இல்லை, ஆள் இருக்கிறார்

பட்டர்வொர்த்தில் அக்கா வீடு இரண்டு மாடித் தரைவீடு. கீழே ஹாலில் பழைய மேசைக் கணினி. பதினைந்து வருடத் தைப்பூசப் படங்கள், தண்ணீர்மலைக்கு மாமா காவடி எடுத்த வீடியோ எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. மேலே மகள் அறையில் ஒரு மடிக்கணினி. "ரெண்டும் ஒரே வீட்டு லைன்தானேடா, அது ஏன் இதுல தெரிய மாட்டேங்குது?" என்று அக்கா கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். விண்டோஸில் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்தால் மடிக்கணினியின் சொந்தப் பெயர் மட்டும் தனியாக நின்றது.

இந்த இடத்தில்தான் பலர் ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவார்கள். பட்டியலில் பெயர் தெரிவது வேறு, அந்தக் கணினியை எட்ட முடிவது வேறு. இது புரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

தோட்டத்தில் விடியற்காலை பெரட்டு (பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பது) எடுத்த கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். விண்டோஸும் நெடுநாள் பெரட்டுதான் எடுத்தது. வீட்டுக் கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி (உண்மையாகவே அதன் பெயர் தேர்தல்தான்) ஒன்றைக் கிராணியாக்கும், அதாவது பெயர்ப் பட்டியலை வைத்திருக்கும் கணக்கர். மற்றவை 12 நிமிடத்துக்கு ஒரு முறை அதனிடம் குரல் கொடுக்கும். தொடர்ந்து மூன்று முறை குரல் வராவிட்டால்தான் கிராணி பெயரை வெட்டுவார். அதனால், திடீரென்று கரண்ட் போய் அணைந்த கணினி 36 நிமிடம் வரை பட்டியலில் உயிரோடு இருக்கும். கிராணி வேலை பார்த்த கணினியே அணைந்தால் மறுபடி தேர்தல், அதுவரை குழப்பம்.

இந்த ஏற்பாடு எஸ்.எம்.பி. 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையோடு ஒட்டியிருந்தது. 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வானாக்ரை என்ற கணினிக் கிருமி அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பைப் புதிதாக நிறுவினால் எஸ்.எம்.பி. 1-இன் பகிரும் பகுதி (சர்வர்) தானாக வராது. கிராணியும் அதோடு வீட்டுக்குப் போய்விட்டார். 'அதைத் திரும்பப் போடு, எல்லாம் தெரியும்' என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். கேட்காதீர்கள்.

இப்போது நடுவில் ஆள் கிடையாது. மடிக்கணினி 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 3702 என்ற போர்ட்டில் (கதவு எண் மாதிரி), 'யாரெல்லாம் இருக்கீங்க?' என்று கேட்கும். கேட்டவர்கள் அவரவரே பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லும் சேவைக்கு ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்று நீட்டி முழக்கிப் பெயர். அது தூங்கினால் கணினி இருந்தும் இல்லாத கணக்கு. சர்வீசஸ் பகுதியில் அதைத் தானாகத் தொடங்கும்படி மாற்றிவிடலாம். இன்னொன்று, நெட்வொர்க் 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் விண்டோஸ் வேண்டுமென்றே வாயை மூடிக்கொள்ளும். மாமாக் கடை போன்ற பொது இடத்து வைஃபையில் அது நல்லதுதான். வீட்டில் 'பிரைவேட்' என்று மாற்ற வேண்டும்.

இரண்டையும் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

சரி, பட்டியலை விட்டுவிட்டு நேராகக் கதவைத் தட்டுவோம் என்று கீழே, கணினியின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைப் போட்டேன்: 192.168.1.5. மேலே போய் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.5 என்று அடித்தேன். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. (நான்கு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது. அது அந்தந்தக் கணினிக்கு மட்டும்.) கொடுத்ததும் காவடிப் படங்கள் வரிசையாக வந்து நின்றன. ஆக, லைன் சரி, பகிர்வு சரி, ஃபயர்வாலும் சரி. அப்புறம்தான் மடிக்கணினியின் முகவரியைப் பார்த்தேன்: 192.168.0.7.

மூன்றாவது எண்தான் குட்டை உடைத்தது. ஒன்றில் 1, மற்றதில் 0. சுவர் தாண்டி வைஃபை மேலே ஏறவில்லை என்று அக்கா இன்னொரு ரூட்டர் வாங்கி மாடியில் செருகியிருக்கிறார். அது தனியாக ஒரு நெட்வொர்க்கை நடத்திக்கொண்டிருந்தது. 'யார் இருக்கீங்க?' என்ற அழைப்பு ரூட்டரைத் தாண்டாது. மாடியில் கூவினால் மாடியோடு சரி. ஆனால் குறிப்பிட்ட முகவரிக்கு உள்ளிருந்து வெளியே போகும் போக்குவரத்தை இரண்டாவது ரூட்டர் விடும். அதனால்தான் மேலிருந்து கீழே திறந்தது. கீழிருந்து மேலே முயன்றேன், திறக்கவில்லை. கெஸ்ட் வைஃபையிலும் இதே மாதிரி பெயர்கள் மறையும், அங்கே நேர் முகவரியும் பெரும்பாலும் வேலை செய்யாது.

மாடி ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (தனி நெட்வொர்க் நடத்தாமல் கீழ் நெட்வொர்க்கையே வைஃபையில் தரும் முறை) மாற்றினேன். மடிக்கணினிக்கு 192.168.1.9 கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் கீழ்க் கணினியின் பெயர் பட்டியலில் வந்து உட்கார்ந்தது. இருந்தாலும் பெரட்டை முழுதாக நம்பவில்லை. 192.168.1.5 என்ற எண் மாறாதபடி கீழ் ரூட்டரில் ஒதுக்கிவிட்டு, படக் கோப்புறையை மடிக்கணினியில் அதன் சொந்த டிரைவ் போலவே தெரியும் இசட் (Z:) டிரைவாகப் போட்டுக்கொடுத்தேன். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அக்கா இப்போது பார்ப்பதே இல்லை.