சுவரில் துளை போட்டீர்கள், வயரில் பட்டுவிட்டதா?

புது வீட்டுக்குக் குடிவந்ததும் டிவி, வாட்டர் பியூரிஃபையர், சாமி ஷெல்ஃப் என்று வரிசையாகச் சுவரில் துளை போடுவார்கள். ஏதாவது ஒன்று உள்ளே ஓடும் வயரில் பட்டுவிடும். தீப்பொறி பறந்து எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழுந்தால் உடனே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பயம் தருவது ஒன்றுமே நடக்காத வீடுகள்தான்.

எம்சிபி விழ, ஃபேஸ் வயர் நியூட்ரலையோ எர்த்தையோ தொட வேண்டும். ஸ்க்ரூ ஃபேஸ் வயரை மட்டும் கிழித்துக்கொண்டு நின்றால் லைட் எரியும், ஃபேன் ஓடும். ஸ்க்ரூவில் 230 வோல்ட் நிற்கும். ஒரு வீட்டில் சமையலறை ஸ்டீல் ஸ்டாண்டை ஈரத்துணியால் துடைத்தால் 'சுர்' என்கிறது என்றார்கள். டெஸ்டரை வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. கரண்டை நிறுத்திவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றினேன். மரையில் செம்பு இழை ஒன்று சுற்றிக்கொண்டு வந்தது. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில் அடித்திருந்தார்கள். போர்டிலிருந்து வயர் ஓடும் பைப் பெரும்பாலும் நேர் மேலேதான் போகும். அந்தக் கோட்டில் டிரில் வைக்கவே வேண்டாம்.

சந்தேகம் வந்தாலே மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும். இதை மறப்பவர்கள் அதிகம். இரண்டையும் நிறுத்தும்வரை ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். விழுந்த எம்சிபியைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்ப்பதும் வேண்டாம்.

அப்புறம் ரிப்பேர். அடிபட்ட இடத்தைக் கொத்தி, வயரை முறுக்கி, டேப் சுற்றி, சிமெண்ட் பூசிவிடுவார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். டேப்பின் பசை நாளாக ஆக விட்டுப்போகும், மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறும், லூசான முறுக்கு சூடாகும். எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஸ்விட்ச் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டி வரை முழு வயரையும் மாற்றுவதுதான் சரி. பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தால் பல நேரம் வந்துவிடும். பைப் உடைந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் கொத்தி மாற்ற வேண்டும். லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் வயர் போடச் சொல்லுங்கள். ஜாயின்ட் போட்டே ஆக வேண்டுமென்றால், திறந்து பார்க்கக்கூடிய மூடி போட்ட பெட்டிக்குள் கனெக்டரோடு இருக்கட்டும்.

ஸ்டீல் ஸ்டாண்ட் 'சுர்' என்ற அந்த வீட்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் ஸ்விட்ச், இல்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அந்த அளவு கசிந்தாலே லைனைத் துண்டித்துவிடும். உயிரைக் காப்பது அதுதான், எம்சிபி அல்ல. டைல்ஸுக்குக் கொடுக்கும் காசோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், பூச்சுவேலைக்கு முன் வயர் பைப் எங்கே ஓடுகிறது என்று பின்னால் தெரிய, ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் பிடித்து அளவோடு போட்டோ எடுத்து வையுங்கள்.