நியூஜெர்சி வரிப் படிவத்தில் ஓய்வுக்காலப் பணம்: எந்தத் தொகையை எழுதுவது?

ஓய்வு பெற்று ஐஆர்ஏ (ஓய்வுக்காலத்துக்காகத் தனிநபர் சேமிக்கும் கணக்கு) கணக்கிலிருந்து பணம் எடுத்தவர்களுக்கு, எவ்வளவு எடுத்தார்கள் என்று காட்டும் 1099-ஆர் படிவம் வருஷ ஆரம்பத்தில் வந்துவிடும். கட்டம் 1 மொத்தத் தொகை. கட்டம் 2ஏ மத்திய அரசு வரி போடும் தொகை. பலர் அந்த 2ஏ தொகையை அப்படியே நியூஜெர்சி மாநில வருமான வரிப் படிவமான என்ஜே-1040இலும் எழுதிவிடுகிறார்கள். ஒரே பணத்துக்கு இரண்டு தடவை மாநில வரி கட்டுவது இப்படித்தான்.

ஐஆர்ஏவில் போட்ட பணத்துக்கு மத்திய அரசு வரிக் கழிவு தந்திருக்கலாம். நியூஜெர்சி தருவதில்லை, போட்ட வருஷமே மாநில வரி கட்டியாயிற்று. அதனால் எடுக்கும்போது அந்தப் பணம் ஈட்டிய வருமானத்துக்கு மட்டும்தான் வரி. இப்படி நீங்கள் போட்டது 40,000 டாலர், இந்த வருஷம் எடுத்தது 10,000, டிசம்பர் 31 அன்று இருப்பு 90,000 என்று வையுங்கள். எடுத்ததையும் இருப்பையும் கூட்டினால் 1 லட்சம். அதில் நீங்கள் போட்ட 40,000 போக, மீதி 60 சதவீதம் ஈட்டிய வருமானம். ஆகவே என்ஜே-1040இன் லைன் 20ஏயில் (வரிக்கு உரியது) 6,000, லைன் 20பியில் (வரி இல்லாதது) 4,000. இதற்கென்றே அரசுக் கையேட்டில் வொர்க்‌ஷீட் சி இருக்கிறது. அடுத்த வருஷக் கணக்குக்கும் அது வேண்டும், பத்திரமாக வையுங்கள்.

401கே (வேலை தருபவர் வழியாகச் சேமிக்கும் ஓய்வுக்காலக் கணக்கு) வேறு. 1984 முதல் சம்பளத்தில் பிடித்த 401கே தொகைக்கு நியூஜெர்சியும் வரி போடுவதில்லை. எனவே எடுக்கும்போது முழுதும் வரிக்கு வரும். அதை ஐஆர்ஏவுக்கு மாற்றினாலும் வரி கட்டிய பணமாகிவிடாது. மத்திய அரசின் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கு மாநில வரி கிடையாது.

அப்புறம், 62 வயது ஆனவர்களுக்குப் பெரிய சலுகை ஒன்று உண்டு: லைன் 28ஏ. மொத்த வருமானம் 1 லட்சம் டாலருக்குள் இருந்தால், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதி 1 லட்சம் வரையும், தனியாள் 75,000 வரையும் ஓய்வுக்கால வருமானத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஒருவருக்கு மட்டும் 62 ஆகியிருந்தால் அவருடைய பணத்துக்கு மட்டும். வருமானம் 1.25 லட்சம் வரை போனால் தம்பதிக்குப் பாதி, 1.5 லட்சம் வரை கால் பங்கு. அதற்கு மேல் ஒரு டாலர் கூடினாலும் ஒன்றும் கிடையாது. இது ரொம்பக் கடுமையான விதி. ஐஆர்ஏ பணத்தை ராத் கணக்குக்கு (வரி கட்டிய பணத்தைப் போடும் ஓய்வுக்காலக் கணக்கு) மாற்றுவது, பங்கு விற்பது எல்லாமே இந்த மொத்தத்தில் ஏறும் என்பதால், டிசம்பருக்கு முன்பே கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனவர்களுக்கு: போன பிறகு எடுக்கும் ஓய்வுக்காலப் பணத்துக்கு நியூஜெர்சி வரி போட முடியாது, 1996 முதல் மத்திய சட்டம் தடுக்கிறது. 1099-ஆரின் கட்டம் 14இல் நியூஜெர்சி வரி பிடித்திருந்தால், வெளிமாநிலத்தவருக்கான என்ஜே-1040என்ஆர் தாக்கல் செய்து திரும்பக் கேளுங்கள்.