வரி மாறும் தேதியும் நம் ரிலீஸ் தேதியும்

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பெரும்பாலான பொருட்களுக்கு 5, 18 என்று இரண்டே விகிதம் போதும் என்று முடிவு செய்தது. செப்டம்பர் 22 முதல் அமல். இடையில் கிடைத்தது 19 நாள். பில்லிங் சாஃப்ட்வேர் செய்பவர்களில் சிலருக்கு அது விகித டேபிளில் சில எண்களை மாற்றும் வேலை. சிலர் ஒவ்வொரு கடைக்கான நிரலையும், அதாவது கோடையும், தனித்தனியாகத் திறந்து திருத்த வேண்டியிருந்தது.

ஒரே அடித்தளத்தில் மருந்துக்கடைக்கு ஒன்று, ஜவுளிக்கடைக்கு ஒன்று, ஓட்டலுக்கு ஒன்று என்று தயாரிப்பு வரிசை கட்டுவது எங்கள் துறையில் பழைய யோசனை. கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1976-லேயே பொதுவான அடித்தளத்தைப் பகிரும் நிரல் குடும்பங்களைப் பற்றி எழுதினார். ஆனால் வடிவமைக்க உட்காரும்போது, இன்று இந்தக் கடைக்கும் அந்தக் கடைக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் பேசுகிறோம். இதே கடை மூன்று வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

ஜவுளியை எடுத்துக்கொள்வோம். முன்பு ஒரு ரெடிமேட் உடை 1,000 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் 12. வரிக்கு முன் 1,050 ரூபாய் விலையுள்ள சட்டைக்குக் கடைக்காரர் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 945 ஆகிறது. வரியும் 5-க்கு இறங்குகிறது. அப்படியென்றால் தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் விகிதத்தைத் தேட வேண்டும். மருந்துக்கடைக்காக எழுதிய அடித்தளத்தில் விகிதம் பொருளோடு ஒட்டியே இருக்கும். அங்கே அது போதும். ஜவுளிக்குப் பொருள், விலை, தேதி மூன்றும் வேண்டும். இப்போது எல்லை 2,500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம். விதியை இந்த மூன்றோடும் சேர்த்து வைத்தவர்கள் எண்களை மட்டும் மாற்றினார்கள்.

தேதி ஏன் என்றால், செப்டம்பர் 20-ல் வாங்கிய சட்டை 25-ல் திரும்பி வரும். அதற்குப் போடும் கிரெடிட் நோட்டில் (பழைய பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டில்) பழைய பில்லின் விகிதம்தான் இருக்க வேண்டும். பழைய விகிதத்தின் மேலேயே புதியதை எழுதிவிட்டால் கவுண்டரில் சண்டைதான்.

அடுத்து என்ன மாறும் என்று ஜோசியம் சொல்லத் தேவையில்லை. இந்த விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, மாற்றினால் எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்று பாருங்கள். அந்த அவகாசம் நம் ரிலீஸுக்கு (புதிய பதிப்பை வெளியிட) ஆகும் நாளைவிடக் குறைவு என்றால், அது கோடுக்குள் இருக்கக் கூடாது. என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்வியே பாதி விவாதத்தை முடித்துவிடும்.

சில மாற்றங்கள் போகும் திசை முன்கூட்டியே தெரியும். பில்லை அரசுத் தளத்தில் மின்னணு முறையில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத்தான் வந்தது. 2021-ல் 100 கோடி, பிறகு 50; 2022-ல் 20, பிறகு 10; 2023 ஆகஸ்டில் 5 கோடி. இரண்டாவது இறக்கத்திலேயே, பெரிய நிறுவனப் பதிப்பில் மட்டும் வைத்திருந்த வசதியை அடித்தளத்துக்குக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். இன்றைய விருப்பத் தேர்வு நாளைக்குக் கட்டாயமாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எதிர்த்திசையும் உண்டு. 2017 ஜூலையில் ஏசி உணவகத்துக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 என்று இருந்தது. நவம்பர் 15-லிருந்து பெரும்பாலானவற்றுக்கு ஒரே 5 சதவீதம். ‘ஏசி உண்டா’ என்ற ஆப்ஷனுக்கு நாலரை மாதம்தான் ஆயுள். கேரளாவின் வெள்ள நிவாரண செஸ் என்ற கூடுதல் வரி 2019 ஆகஸ்டில் தொடங்கி 2021 ஜூலையோடு முடிந்தது. அதற்காக ‘கேரளா பதிப்பு’ என்று கோடைப் பிரித்தவர்களுக்கு, செஸ் போன பிறகும் இரண்டு பதிப்புகளைப் பராமரிக்கும் வேலை மிச்சம். பில்லில் எத்தனை வரி வரிசை வேண்டுமானாலும் வரலாம், ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு என்று அடித்தளம் ஏற்றுக்கொண்டிருந்தால் பிரிக்கவே வேண்டியிருக்காது.

அதற்காக எல்லாவற்றையும் ஆப்ஷன் ஆக்கிவிடாதீர்கள். ஆம்-இல்லை ஆப்ஷன் பத்து இருந்தாலே 1,024 சேர்க்கைகள். அத்தனையையும் எந்த டீமும் சோதித்துப் பார்க்காது. மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் வரி மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி என்பது 2017-லிருந்து அப்படியே இருக்கிறது. அதை நான் நேரடியாகக் கோடில்தான் எழுதுவேன்.