வெயில் கிழித்ததைப் பின்னத் தெரியாத தோல்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் வலை சரிசெய்பவர்கள் கிழிசல் மேலேயே நூல் ஓட்டுவதில்லை. பிய்ந்த கண்ணிகளைச் சுற்றிலும் வெட்டியெடுத்து, அப்புறம்தான் புதிதாகப் பின்னுவார்கள். வெயில் பட்ட தோல் செல்லும் தன் டிஎன்ஏவை இப்படித்தான் செப்பனிடுகிறது. புற ஊதாக்கதிர், டிஎன்ஏவின் எழுத்துகளான வேதி அலகுகளில் அடுத்தடுத்த இரண்டை ஒட்டவைத்துவிடும். எக்ஸ்பிசி என்ற புரதம் அந்தப் புடைப்பைக் கண்டுபிடிக்கும். எக்ஸ்பிபியும் எக்ஸ்பிடியும் டிஎன்ஏவின் இரு இழைகளைப் பிரிக்க, எக்ஸ்பிஏ சரிபார்க்கும். எக்ஸ்பிஎஃப், எக்ஸ்பிஜி இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வெட்டும். ஏறக்குறைய 30 எழுத்து நீளத் துண்டு கழன்று விழும். எதிர் இழையைப் பார்த்து அந்த இடம் நிரப்பப்படும்.

இந்த வேலையாட்களில் ஒருவர் பழுதாகப் பிறப்பதால் பெரும்பாலும் வருவதுதான் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பிறவி நோய். செப்பனிடும் வேலை நடக்காததே காரணம் என்று 1968-இல் காட்டியவர் ஆய்வாளர் ஜேம்ஸ் கிளீவர். இந்த நோய் உள்ளவர்களுக்கு 20 வயதுக்குள் மெலனோமா என்ற கொடிய தோல் புற்று வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 2,000 மடங்கு; பிற தோல் புற்றுகளுக்கு 10,000 மடங்கு.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். ஆளுக்கொன்று சுமக்கும் பெற்றோர் நன்றாகவே இருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால் ஆபத்து கூடும். முன்னோர் ஒருவரின் ஒரே மரபணுப் பிரதி இரு வழியாகவும் பிள்ளைக்கு வந்துசேரும் வாய்ப்பு, தாய்மாமனைக் கட்டினால் எட்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் பதினாறில் ஒன்று.

தோல் வெந்து சிவந்தால்தான் சந்தேகப்படுவது என்பது பெரிய தவறு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெயில் சுடுவதே இல்லை. இரண்டு வயதுக்குள் முகத்தில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் கிளம்பும். வீட்டில் மச்சம் என்று விட்டுவிடுவார்கள். சுடாததால் பிள்ளை வெயிலிலேயே விளையாடும். கண் கூச்சமும் சேர்ந்திருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

புதுச்சேரி, கடலூர் பகுதியில் ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்ட் 21 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கடற்கரையில் குடை மட்டும் போதாது. மணலும் நுரையும் கதிரைத் திருப்பியடிக்கும், வானத்திலிருந்து சிதறியும் வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் இன்னும் அதிகமாகக் கதிரை விடும்; நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணியே நல்லது. சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிபி வகைப் புற ஊதாக்கதிரை நிறுத்தும், யுவிஏ வகையை விட்டுவிடும். அதனால் பள்ளி வேனிலும் வகுப்பறையிலும் தடுப்பு ஃபிலிம் வேண்டும். சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கும் எண் சொல்லும் பாதுகாப்பு, சதுர செ.மீ.க்கு 2 மி.கி. பூசினால்தான் கிடைக்கும். பலர் பூசுவது அதில் பாதிகூட இல்லை. வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி பூச வேண்டும்.

இவ்வளவு மறைத்தால் வைட்டமின் டி குறையும். ரத்தத்தில் அளந்து மருத்துவர் மாத்திரை தருவார்.