இதய வார்டில் சர்க்கரை: சிகிச்சை மாறும் மணி நேரங்களைக் கவனியுங்கள்

மாரடைப்போ, இதயச் செயலிழப்போ, பைபாஸ் அறுவையோ, எதற்காகச் சேர்த்திருந்தாலும் சர்க்கரை நோயாளியின் உறவினர்கள் விடாமல் கேட்பது "இப்போ சுகர் எவ்வளவு?" என்றுதான். 230 என்றால் பதறுவார்கள். 95 என்றால் முகம் தெளியும். ஆனால் நரம்பு வழியே இன்சுலின் செலுத்தும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு 95 வந்தால் இதயப் பிரிவின் செவிலியர் உடனே பம்பின் அருகே போய்விடுவார். 230ஐச் சில மணி நேரத்தில் நிதானமாக இறக்கிவிடலாம். 95 அடுத்த ஒரு மணியில் 55 ஆகிவிட்டால் இதயத் துடிப்பே தடம் மாறக்கூடும்.

மருத்துவமனையில் இருக்கும் பெரும்பாலானோருக்கு இலக்கு 100 மி.லி. ரத்தத்தில் 140 முதல் 180 மி.கி. வரை. இரண்டு முறை பார்த்து இரண்டிலும் 180ஐத் தொட்டாலோ தாண்டினாலோ இன்சுலின் தொடங்கப்படும். "வீட்டில் வெறும் வயிற்றில் 110 வைத்திருந்தோமே, இங்கே ஏன் 170ஐ விட்டு வைக்கிறார்கள்?" என்ற சந்தேகம் நியாயமானது. ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பெல்ஜியத்தின் லூவன் நகரில் அறுவை சிகிச்சை ஐசியு ஒன்றில் நடந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. அதில் பாதிக்கு மேற்பட்டோர் இதய அறுவை முடிந்தவர்கள். சர்க்கரையை 80–110க்குள் இறுக்கிப் பிடித்ததில் ஐசியு மரணம் 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்தது. பல மருத்துவமனைகள் அந்த வழியில் போயின. 2009-இல் வந்த நைஸ்-சுகர் ஆய்வு, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஐசியு நோயாளிகளிடம், அதை மாற்றிப்போட்டது. 81–108க்குள் இறுக்கியவர்களில் 90 நாளில் இறந்தோர் 27.5 சதவீதம், 180க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்டவர்களில் 24.9 சதவீதம். கடுமையான தாழ்சர்க்கரை முதல் பிரிவில் 6.8 சதவீதம் பேருக்கு வந்தது, மற்றதில் 0.5 சதவீதம் பேருக்கு. இன்றைய 140–180 இலக்குக்கு இந்த ஆய்வே முக்கியக் காரணம். அதற்காக 250ஐயும் 300ஐயும் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று பொருளில்லை. அந்த அளவில் மார்பெலும்புக் காயத்தில் சீழ் பிடிக்கும், சிறுநீர் அதிகம் போய் உடல் வறளும்.

தாழ்சர்க்கரை இதயத்துக்கு ஏன் இவ்வளவு ஆகாது? சர்க்கரை 70க்குக் கீழே போனதும் உடல் அட்ரினலினைக் கொட்டுகிறது. துடிப்பு வேகமெடுத்து இதயத்தின் ஆக்சிஜன் தேவை கூடும், ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்கும் நேரம்) நீளும், பொட்டாசியம் இறங்கும். ஏற்கெனவே காயம்பட்ட இதயத்தசைக்கு இந்த மூன்றும் ஒன்றாக வருவது தாறுமாறான துடிப்புக்கு வழி. போதாக்குறைக்கு இவர்களில் பலர் மெட்டோப்ரோலால் போன்ற, துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள். அது படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. ஆகவே காரணமில்லாமல் வியர்த்தாலோ, பேச்சு குழம்பினாலோ, முதலில் விரலில் குத்திப் பாருங்கள்.

ஏறுவதற்கும் காரணங்கள் உண்டு. நெஞ்சுவலியும் அறுவையும் கார்டிசால், அட்ரினலின் சுரப்பைக் கூட்டும். ரத்த அழுத்தத்தைத் தாங்க ஏற்றும் மருந்துகளும் அதையே செய்யும். பலர் கவனிக்காத ஒன்று, மருந்து கலக்கும் திரவம். துடிப்பைச் சீராக்கும் அமியோடரோனை வழக்கமாக 5 சத டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் கரைசல்) தான் கலக்கிறார்கள். 500 மி.லி. போனால் 25 கிராம் குளுக்கோஸ் உள்ளே போய்விடும். இன்சுலினை ஏற்றிக்கொண்டே போகுமுன் தொங்கும் பாட்டில்களைப் படிப்பது நல்லது. அந்த பாட்டில் முடிந்ததும் இன்சுலினைக் குறைக்காவிட்டால் சர்க்கரை சரியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

குளுக்கோமீட்டரும் ஏமாற்றும். அதிர்ச்சி நிலையிலோ கைகால் வீங்கியிருக்கும்போதோ விரல்நுனி ரத்தத்தை நம்ப முடியாது. ரத்தசோகை அதிகமானால் பல மீட்டர்கள் உண்மையைவிட உயர்த்திக் காட்டும். டெக்ஸ்ட்ரோஸ் ஏறும் கையிலேயே ரத்தம் எடுத்தால் 400கூட வரும். இத்தகையவர்களுக்குத் தமனி ரத்தத்தில் பார்ப்பதே சரி. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையை முதல் நாளே, ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் கணக்கு தப்பும். அது 6.5 அல்லது அதற்கு மேல் என்றால், "எனக்குச் சுகரே இல்லை" என்று வந்தவருக்கும் நோய் முன்பே இருந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பம்ப்பிலிருந்து ஊசிக்கு

ஐசியுவில் 100 யூனிட் ரெகுலர் இன்சுலினை 100 மி.லி. உப்புநீரில் கலந்தால் ஒரு மி.லி.க்கு ஒரு யூனிட். இன்சுலின் பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முதல் 20 மி.லி.யைக் குழாய் வழியே ஓட்டிக் கொட்டிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதல் சில மணி நேரம் சர்க்கரை அசையாது, வேகத்தைக் கூட்டுவார்கள், பிறகு திடீரென்று விழும். சர்க்கரையை மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். பொட்டாசியத்தையும் 4 முதல் 6 மணிக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. இன்சுலின் அதைச் செல்லுக்குள் தள்ளும், நீரை இறக்கும் மருந்தான ஃபுரோசமைட் சிறுநீரில் வெளியேற்றும். இதய நோயாளிக்கு அது 4க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது வழக்கம்.

பெரும்பாலும் தவறு நடப்பது பம்பை நிறுத்தும் அன்று. நரம்பில் போகும் இன்சுலினின் ஆயுள் சில நிமிடங்கள்தான். காலையில் பம்பைக் கழற்றி, "ஊசியை ராத்திரி போட்டுக்கொள்ளலாம்" என்று வார்டுக்கு அனுப்பினால் மாலைக்குள் 350. நீண்டநேர இன்சுலினைத் தோலடியில் போட்டு, குறைந்தது 2 மணி நேரம் கழித்தே பம்பை நிறுத்த வேண்டும். அளவுக்கு ஒரு கணக்கு: கடைசி 6 மணி நேரம் சர்க்கரை நிலையாக இருந்து, பம்ப் மணிக்கு 1.5 யூனிட் ஓடியிருந்தால் ஒரு நாளுக்கு 36. அதில் 80 சதவீதம் 28.8; குறைத்து 28 என்று வைக்கலாம். பாதியை, அதாவது 14ஐ, நீண்டநேர இன்சுலினாகவும் மீதியை மூன்று வேளை உணவுக்குப் பிரித்தும் கொடுக்கலாம். அட்ரினலின் போன்ற மருந்துகளின் அளவைக் குறைத்துக்கொண்டு வந்தால் 60 சதவீதத்தில் தொடங்குவதே பாதுகாப்பு. உடல் தேறத் தேற இன்சுலின் தேவை நாளுக்கு நாள் சுருங்கும். நேற்றைய அளவை இன்றும் அப்படியே எழுதுவது தாழ்சர்க்கரைக்கு அழைப்பு.

பம்ப் தேவைப்படாமல் நேரே வார்டுக்கு வருபவருக்குக் கிலோவுக்கு 0.4 யூனிட் என்று தொடங்கலாம். 60 கிலோ என்றால் 24, அதில் 12 நீண்டநேரம், வேளைக்கு 4. முதியவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் 0.2 முதல் 0.3 போதும். "200 வந்தால் 4 யூனிட், 250 வந்தால் 6" என்ற பட்டியலை மட்டும் வைத்து ஓட்டுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அது ஏறிய பிறகு துரத்துவது. அடிப்படை இன்சுலின் இல்லாமல் சர்க்கரை ஊஞ்சலாடும். முன்பு போட்ட ஊசி வேலை செய்து முடிக்குமுன் அடுத்ததைப் போடுவதும் தவறு. விரைவு இன்சுலினுக்கு 4 மணி, ரெகுலருக்கு 6 மணி இடைவெளி வேண்டும்.

ஆஞ்சியோவுக்குப் பட்டினி, மாத்திரைகளின் கணக்கு

காலையில் ஆஞ்சியோ என்றால் உணவுக்கான இன்சுலினை நிறுத்துங்கள். நீண்டநேர இன்சுலினை 75–80 சதவீதம் கொடுங்கள். முதல் வகை சர்க்கரை நோயாளிக்கு அதை முழுவதும் நிறுத்தினால் கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் கொழுப்பு எரிவதால் சேரும் அமிலப் பொருள்) ஏறும். ஆஞ்சியோ தள்ளிப்போய் மதியம் இரண்டு மணி ஆவது சகஜம். அதுவரை 2 மணிக்கு ஒருமுறையாவது சர்க்கரை பார்க்க யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடாத உடலிலும் இன்சுலினைப் பிழியும் என்பதால் அனுமதித்ததுமே நிறுத்துவது நல்லது. மெட்ஃபார்மினை அதிர்ச்சியிலும் சிறுநீரகம் திடீரென்று தளரும்போதும் கொடுக்கக்கூடாது. அத்தகையவருக்கு ஆஞ்சியோவுக்கான சாயம் செலுத்தினால் 48 மணி நேரம் கழித்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்தே மீண்டும் தொடங்க வேண்டும். பயோகிளிட்டசோன் நீரைத் தேக்கும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு வேண்டாம்.

சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் கதை வேறு. இதயச் செயலிழப்புக்கு இவை உண்மையிலேயே நல்ல மருந்துகள். நிலை சீரானதும், வீட்டுக்குப் போகுமுன்பே தொடங்கலாம். ஆனால் பைபாஸுக்கு 3 நாள் முன்னதாக நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை 180இல் அமைதியாக இருக்கும்போதே ரத்தம் கீட்டோன் அமிலத்தால் நிறையலாம். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவற்றை அறுவையின் விளைவு என்று தள்ளிவிடுவது எளிது. இம்மருந்து எடுத்தவரிடம் இவை தெரிந்தால் மீட்டர் என்ன காட்டினாலும் ரத்தக் கீட்டோன் பாருங்கள்.

இறங்கிவிட்டால்

70க்குக் கீழே, விழுங்க முடிகிறது என்றால் 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. நினைவு மங்கினால் அல்லது பட்டினியில் இருந்தால் 25 சத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. நரம்பில். இன்சுலின் பம்ப் ஓடினால் நிறுத்த வேண்டும். சரியான பிறகு அடுத்த நீண்டநேர ஊசியை மொத்தமாக விட்டுவிடுவது இரண்டாவது தவறு. மறுநாள் 300 வந்து நிற்கும். 20 சதவீதம் குறைத்துக் கொடுத்து, இறங்கியதன் காரணத்தைத் தேடுங்கள். தட்டு திரும்பிப் போனதா? குழாய் உணவு நின்றதா? கிரியேட்டினின் ஏறியதா? பசி நிச்சயமில்லாதவருக்கு விரைவு இன்சுலினைச் சாப்பிட்டு முடித்ததும், சாப்பிட்ட அளவுக்கு ஏற்பப் போடுவது நல்ல வழி. எவ்வளவு மிச்சம் வைத்தார் என்று உடனிருப்பவர் சொல்வது அந்த அளவைத் தீர்மானிக்க உதவும்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஹெச்பிஏ1சி வழிகாட்டும். 7க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பழைய மருந்துகளே, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஒத்துவருமா என்று பார்த்தபின். 7 முதல் 9 வரை என்றால் மாத்திரையோடு, வார்டில் போட்ட நீண்டநேர இன்சுலினில் பாதி. 9ஐத் தாண்டினால் இன்சுலினைத் தொடர வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் தாளில் புதிய மருந்துகள் இருக்கும்; நிறுத்தியவை எவை என்று பல நேரம் எழுதியிருக்காது. வீட்டு அலமாரியில் பழைய கிளிமிபிரைடு இருந்தால் புதிய இன்சுலினோடு அதுவும் சேர்ந்து உள்ளே போகும். நிறுத்திய மாத்திரைகளின் பெயரைத் தனியாக எழுதி வாங்குங்கள். முதல் வாரம் காலை வெறும் வயிற்றிலும் இரவு உணவுக்கு முன்பும் சர்க்கரை பாருங்கள். காலை அளவு 100க்குக் கீழே வரத் தொடங்கினால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவரை அழைத்து இன்சுலின் அளவைக் கேளுங்கள்.