கோல்டு பிளக் என்பது குளிர்ந்த பிளக் அல்ல

"ஜெட் படகின் என்ஜினுக்குக் குளிர்ச்சியான தீப்பொறிச் செருகியைத் தேர்ந்தெடுக்கவும்." மொழிபெயர்த்த பராமரிப்புக் குறிப்புகளில் இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு வடிவத்தில் படித்துப் படித்து அலுத்துவிட்டது. கடை அலமாரியில் இருக்கும் எல்லா பிளக்கும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? பிரிட்ஜில் வைத்து எடுக்கச் சொல்கிறார்களா?

முதலில் பிளக். டச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். பொருள் தக்கை, அடைப்பு. பெட்ரோல் எரியும் சிலிண்டரின் மூடியான சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் துளையை அடைத்துக்கொண்டு நின்று, உள்ளே பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைப்பதால் ஸ்பார்க் பிளக். 1902இல் பாஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவோடு (பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) இதைச் சேர்த்துக் கொடுத்த பிறகு பெட்ரோல் என்ஜின்களில் நிலைத்துவிட்டது. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ரஷ்யரும் இதை மெழுகுவத்தி என்றே சொல்கிறார்கள். நாம் 'தீப்பொறிச் செருகி' என்கிறோம். பூவைக் கொண்டையில் செருகலாம், கத்தியை இடுப்பில் செருகலாம். மரையிட்ட பிளக்கைத் திருகத்தான் முடியும். வெறும் 'பொறிச் செருகி' இன்னும் மோசம். பொறி என்றால் தீப்பொறியா, எந்திரமா, எலிப்பொறியா? சரி, 'தீப்பொறிச் செருகி' பாடப்புத்தகத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். பட்டறையில் அது பிளக்தான், நானும் அப்படியே எழுதுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கான பங்கு கீழே வருகிறது.

என் சண்டை அதற்கு முன்னால் ஒட்டும் அடைமொழியோடு. ஆங்கிலத்தில் ஹாட் பிளக், கோல்டு பிளக் என்று இரண்டு வகை சொல்வார்கள். இரண்டிலும் பாயும் பொறி ஒன்றேதான், சூடான பொறி, குளிர்ந்த பொறி என்று எதுவும் கிடையாது. வேறுபாடு, எரியறையில் ஏறும் சூட்டைப் பிளக் எவ்வளவு வேகமாகச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து முனையைப் பாருங்கள். ஒன்றில் வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இறங்கி, அதைச் சுற்றி ஆழமான பள்ளம் தெரியும். சூடு நெடுந்தூரம் போய்த்தான் உலோக உடலைத் தொடும், அதனால் முனை சூடாகவே இருக்கும். இது ஹாட். மற்றதில் மூக்கு குட்டை, பீங்கான் சீக்கிரமே உலோகத்தோடு சேர்ந்துவிடும், சூடு சட்டென்று இறங்கிவிடும். இது கோல்டு.

ஓடும்போது கோல்டு பிளக்கின் முனையும் சுமார் 500 டிகிரி செல்சியசைத் தொட்டாக வேண்டும். அதற்குக் குறைந்தால் படியும் கரி எரிந்து போகாது, என்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது பற்றாமல் விட்டு விட்டு ஓடும். 850 டிகிரியைத் தாண்டிப் போனால், பொறி வரும் முன்பே பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டன் தலையில் ஓட்டை விழலாம். இப்படிக் கொதிக்கிற ஒன்றைக் 'குளிர்ந்த செருகி' என்பது எந்த ஊர்த் தமிழ்?

'சூடான செருகி', 'வெப்பச் செருகி' என்பவை இதைவிட ஆபத்து. டீசல் என்ஜினில் குளிர்காலத்தில் எரியறையைச் சூடேற்றவென்றே குளோ பிளக் என்று தனியாக ஒன்று உண்டு. அதற்குத்தான் 'வெப்பச் செருகி' பொருத்தமான பெயர். அதைக் கொண்டுவந்து ஹாட் பிளக்குக்குச் சூட்டினால் இரண்டு பொருளுக்கு ஒரு பெயராகிவிடும். அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போவதன் விளைவு இது. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர் இப்படி எழுத மாட்டார்.

தமிழில் இதற்கென்றே ஒரு வினைச்சொல் சும்மா கிடக்கிறது: ஆறு. காபியை டம்ளரிலேயே விட்டால் மெல்ல ஆறும், டபராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறும். இரண்டும் ஒரே காபிதான். ஆங்கிலத்தின் ஹாட்டும் கோல்டும் சொல்லத் தவறியதை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. கோல்டு பிளக் 'விரைந்தாறும் பிளக்', ஹாட் பிளக் 'மெல்லாறும் பிளக்'. ஒரு பிளக் எவ்வளவு ஹாட், எவ்வளவு கோல்டு என்று சொல்லும் ஹீட் ரேஞ்சை 'வெப்ப வீச்சு' என்று எழுதுகிறார்கள்; ஏதோ வானிலை அறிக்கை போல இருக்கிறது. 'ஆறும் வேகம்' என்றால் போதும். ஆறு என்றால் நதியும்தானே, எண்ணும்தானே, அதுவும் படகு விஷயத்தில் குழப்பாதா என்று கேட்பீர்கள். 'ஆறும்' என்று வினையாகவே வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. 'ஆறுதிறன்' என்று பெயராக்கினால்தான், ஆறும் வேகத்தைக் குறிக்க 6 என்று எழுதிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்க நேரும்.

இப்போது ஜெட் படகு. 1950களில் நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளில் ஓட்டுவதற்காக பில் ஹாமில்டன் உருவாக்கிய வகை. அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடுவது. ('ஜெட்' என்றதும் விமான என்ஜின் என்று மொழிபெயர்த்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களை இன்று விட்டுவிடுவோம்.) கார் இறக்கத்தில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜினுக்கு ஓய்வு. வேகமாக ஓடும் ஜெட் படகில் பம்ப் ஓயாமல் சுமை கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே முழு வேகத்தில் நெடுநேரம் ஓடும் படகுக்கு விரைந்தாறும் பிளக். கரையோரம் மணிக்கணக்கில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும் படகுக்கு அதையே போட்டால் கரி பிடித்துவிடும். கழற்றிய பிளக்கின் மூக்கு இளம் பழுப்பாக இருந்தால் ஆறும் வேகம் சரி. உலர்ந்த கருங்கரி என்றால் பிளக் அளவுக்கு மீறி விரைந்தாறுகிறது, இல்லை பெட்ரோல் கூடுதல். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் ஆறவில்லை.

மாற்றும்போதும் இதே கணக்குதான். சூடு வெளியேறும் முக்கிய வழி மரையும் வாஷரும். புது வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்கைக் கையால் முழுக்கத் திருகி, அப்புறம் ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவுவரை இறுக்க வேண்டும். தளர்வாக விட்டால் விரைந்தாறும் பிளக்கும் ஆறாது. 'குளிர்ச்சியான செருகி' என்று படித்தவருக்கு இறுக்கத்துக்கும் சூட்டுக்கும் என்ன உறவு என்று எப்படித் தோன்றும்?

'ஒரு எண் கூட்டிப் போடவும்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒன்று. என்ஜிகே, டென்சோ நிறுவனங்களின் பிளக்குகளில், ஆறும் வேகத்தைக் குறிக்கும் எண் ஏற ஏற விரைந்தாறும். பாஷ், சாம்பியனில் எண் ஏற ஏற மெல்லாறும். என்ஜிகேயின் பிஆர்8இஎஸ் போட்டிருந்தவர் ஒரு எண் கூட்டினால் ஒன்பது, நினைத்தது நடக்கும். பாஷ் வைத்திருப்பவர் அதே வரியைப் படித்து எண்ணைக் கூட்டினால் நேர் எதிர்த் திசையில் போவார். 'ஒரு படி விரைந்தாறும் பிளக்' என்று எழுதுங்கள், எந்தப் பெட்டியை எடுத்தாலும் அது சரியாக வரும்.