ஒரு கீல், ஒரு போல்ட், பதினொரு டிகிரி

"கோத்தகிரியில் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் வானம் முழுக்க நட்சத்திரம். கேமராவில் பிடித்தால் கறுப்பில் நாலே நாலு புள்ளி. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் புள்ளியெல்லாம் கோடாகிவிடுகிறது. நிலாவோ வெறும் வெள்ளை வட்டமாக விழுகிறது. விலை கூடிய கேமரா வாங்கத்தான் வேண்டுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். இருக்கிற கேமராவே போதும். நிலாவுக்கு மூன்று எண்களை மாற்ற வேண்டும். நட்சத்திரத்துக்கு ஹார்டுவேர் கடைக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

நிலாவை முதலில் முடித்துவிடலாம். இரவில் எடுக்கிறோம் என்பதால் நிலா மங்கலான பொருள் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே அது பகல். நாம் எடுப்பது நேர் வெயிலில் கிடக்கும் பாறை. அந்தப் பாறையும் வெள்ளை இல்லை. விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது, பழைய தார் ரோட்டைப் போல. கேமராவின் ஆட்டோ மோடு சுற்றியுள்ள கறுப்பையும் சேர்த்துச் சராசரி போட்டு, 'இருட்டாக இருக்கிறது' என்று முடிவு கட்டி ஷட்டரை நீளத் திறக்கிறது. அதனால்தான் வெள்ளை வட்டம். மேனுவலுக்கு மாறி ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் திறப்பு; எண் குறைந்தால் திறப்பு பெரிது) 11, நொடியில் 100இல் ஒரு பங்கு என்று வையுங்கள். முழு நிலாவுக்கு இது போதும். அரை நிலாவுக்கு எஃப் 5.6, பிறைக்கு எஃப் 4. படம் அழகாக வருவது அரை நிலாவில்தான். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும். பௌர்ணமியில் வெயில் நேராக அடிப்பதால் நிழலே இருக்காது.

அளவு பற்றியும் ஒரு கணக்கு உண்டு. லென்ஸின் குவியத் தொலைவை 110ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலாவின் குறுக்களவு கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் அரை மில்லிமீட்டர்கூட வராது, 300 மி.மீ. இருந்தால் 2.7 மி.மீ. கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸில் நிலா கடுகாகத் தெரிவதற்குக் கேமரா காரணமில்லை.

சந்திர கிரகணத்தில் மட்டும் இந்த எண்கள் எதுவும் உதவாது. முழு மறைப்பில் நிலா பல ஆயிரம் மடங்கு மங்கிவிடும், ஷட்டர் நேரம் நொடிக்கணக்கில் போகும். 2025 செப்டம்பர் 7 இரவு அப்படி ஒரு முழு கிரகணம் வந்தது. இந்தக் காலத்திலும் அன்று குழந்தைகளை வெளியே விடாத வீடுகள், மிச்சச் சோற்றைக் கொட்டிய வீடுகள் உண்டு. பூமியின் நிழல் நிலாமேல் விழுவதால் குழம்பு எப்படிக் கெடும் என்பதை யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். கிரகணத்தன்று வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதில் ஒரே நட்டம், படம் போச்சு.

இனி நட்சத்திரம். ஷட்டரை நீளத் திறந்தால் கோடு விழுவது ஏன் என்பது பள்ளியில் படித்ததுதான்: பூமி சுற்றுகிறது. வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) அருகில் இருக்கும் ஒரு நட்சத்திரம், ஓரியனின் இடுப்புப் பட்டை மாதிரி, நொடிக்கு 15 விகலை நகர்கிறது. (ஒரு டிகிரியில் 3,600 விகலை.) 50 மி.மீ. லென்ஸில், 4 மைக்ரான் பிக்சல் உள்ள சென்சாரில், ஒரு பிக்சல் ஏறத்தாழ 16 விகலையை மூடும். ஆகவே ஒரு நொடி கடந்தாலே நட்சத்திரம் அடுத்த பிக்சலுக்குள் கால் வைத்துவிடுகிறது. '500ஐக் குவியத் தொலைவால் வகு' என்ற பழைய விதி 50 மி.மீ.க்கு 10 நொடி தரும். அந்த 10 நொடியில் 9 பிக்சல் நீளக் கோடு விழும். ஃபிலிம் காலத்தில் அது கண்ணுக்குப் படவில்லை. இன்று படத்தைப் பெரிதாக்கினால் பளிச்சென்று தெரிகிறது. 500க்குப் பதில் 200 என்று வைத்துக்கொள்வது நேர்மை. ஆனால் 4 நொடியில் என்ன ஒளி சேரும்? பூமியின் சுழற்சியை ரத்து செய்தே ஆக வேண்டும்.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு நட்சத்திரத்தைச் சாதாரண ட்ரைபாடில் துரத்திப் பாருங்கள். கிழக்கில் எழும்போது மேலேயும் கொஞ்சம் பக்கவாட்டிலும் திருப்ப வேண்டும். உச்சி நெருங்கும்போது பக்கவாட்டு வேகம் கிடுகிடுவென ஏறும். பிறகு கீழே இறக்க வேண்டும். இரண்டு அச்சு, இரண்டு வேகம், இரண்டும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். போதாததற்கு படமும் தன்னிடத்திலேயே மெல்லச் சுழலும். இவ்வளவு சிக்கலும் நாம் தேர்ந்தெடுத்த அச்சு தவறு என்பதால் மட்டுமே வருகிறது. பூமி சுற்றுவது ஒரே அச்சில், மாறாத ஒரே வேகத்தில். அந்த அச்சுக்கு இணையாக நம் அச்சையும் சாய்த்துவிட்டால் இரண்டு அசைவுகள் ஒன்றாகிவிடும். 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற சீரான வேகத்தில் எதிர்த்திசையில் திருப்பினால் வானம் அப்படியே நின்றுவிடும். அச்சை எவ்வளவு சாய்ப்பது? அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. ஊட்டிக்கு 11.4 டிகிரி.

இந்தத் தத்துவம் மலையளவில் நிற்பதைப் பார்க்க ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரைக்குப் போனால் போதும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் படுத்திருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1970இல் கட்டி முடித்தது. தட்டு வடிவம் இல்லை. தெற்கு வடக்காக நீண்ட ஒரு தொட்டி. 24 பரவளையச் சட்டங்கள்மேல் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு: அதன் சாய்வு சுமார் 11 டிகிரி, இடத்தின் அட்சரேகையும் அதுவே. அரை கிலோமீட்டர் நீளமுள்ள கருவியை இரண்டு அச்சில் திருப்புவது நடக்கிற காரியமில்லை. மலையே அச்சைச் சாய்த்துக் கொடுத்துவிட்டதால் நீளவாக்கிலுள்ள அச்சில் ஒரே ஒரு சுழற்சி போதும், ஒரு ரேடியோ மூலத்தை (ரேடியோ அலை அனுப்பும் வான்பொருளை) ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம். நில நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதன் லாபம் இது. டெல்லியில் இதைக் கட்ட 28 டிகிரி சரிவு வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் இதன் முக்கிய வேலை, தொலைதூர ரேடியோ மூலங்களை நிலா மறைக்கும் கணத்தை அளந்து அவற்றின் அமைப்பை அறிவது. பெரிய பணம் இல்லாத நாடு புவியியலைக் கருவியாக மாற்றியது. அடிப்படை ஆராய்ச்சிக்கு ஒதுக்குகிற பணத்தை வீண் என்று சொல்பவர்களை ஒருமுறை முத்தோரைக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

அதே தத்துவத்தை வீட்டில் 30 செ.மீ. அளவில் செய்யலாம். 18 மி.மீ. பிளைவுட்டில் 30க்கு 10 செ.மீ. அளவில் இரண்டு பலகை. குறுகிய பக்கத்தில் இரண்டையும் ஒரு கீலால் புத்தகம்போல் திறக்கும்படி இணையுங்கள். கீலை வாங்கும்போது கையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்றால் வேண்டாம். கீழ்ப் பலகையில் ஒரு துளை போட்டு எம்6 (6 மி.மீ.) நட்டைப் பதியுங்கள். அதன் வழியாக ஒரு எம்6 திரெட் ராடு (நீளம் முழுக்க மரை வெட்டிய கம்பி) மேலேறி மேல் பலகையைத் தள்ளும். ராடு முனை படும் இடத்தில் ஒரு சிறு தகரத் துண்டை ஒட்டினால் மரத்தில் குழி விழாது. மேல் பலகையில் ஒரு பால்ஹெட் (எந்தப் பக்கமும் திருப்பி இறுக்கக்கூடிய கேமரா தாங்கி), அதில் கேமரா. நீலகிரி ஈரத்தில் பிளைவுட் ஊதிக்கொள்ளும், வார்னிஷ் அடிக்காமல் விடாதீர்கள்.

துளை எங்கே போடுவது என்பதுதான் மொத்தக் கருவியின் உயிர். எம்6 ராடு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும். நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் நிமிடத்துக்கு 1 மி.மீ. வானம் ஒரு முழுச் சுற்றுக்கு எடுக்கும் 1,436 நிமிடத்தை 6.2832ஆல் வகுத்தால் 228.6. கீலின் ஊசியிலிருந்து துளையின் நடுவுக்கு 228.6 மி.மீ. இருக்க வேண்டும். பலகையின் ஓரத்திலிருந்து அளந்தால் 8, 10 மி.மீ. பிசகும், ஒரு நிமிடப் படத்தில் 2 பிக்சல் இழுவை வரும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறினால் பரவாயில்லை.

ராடைத் திருப்ப ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையும், படிப்படியாகத் திரும்பும் சின்ன ஸ்டெப்பர் மோட்டாரும் வைக்கலாம். மோட்டார் இல்லாமலும் ஆகும்: ராடு அடியில் ஒரு சிடியை ஒட்டி, கடிகார முகம்போல் 12 கோடு போட்டு, 5 நொடிக்கு ஒரு கோடு வீதம் கையால் திருப்புங்கள். 24 மி.மீ. லென்ஸ்வரை இது தாங்கும். 50 மி.மீ.யில் விட்டுவிட்டுத் திருப்பினால் நட்சத்திரம் நீளும், நொடிமுள்ளோடு சேர்ந்து விரல் நிற்காமல் நகர வேண்டும். ராடு நேராக இருப்பதால் திறப்பு கூடக்கூடக் கோணம் சற்றுப் பின்தங்கும். ஒரு நிமிடப் படங்களாக எடுத்தால் முதல் 20 நிமிடத்துக்கு அது பொருட்டே இல்லை. அப்புறம் ராடை முழுக்க இறக்கி மறுபடி தொடங்குங்கள்.

வடக்கு பார்த்து நிற்கும்போது கீல் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் வைத்தால் கருவி எதிர்த்திசையில் திருப்பும், கோடு இரட்டிப்பு நீளமாகும். இந்தத் தவறை முதல் நாளில் நிறையப் பேர் செய்கிறார்கள்.

சாய்வு இங்கே சுலபம். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் 45, 50 டிகிரிக்காரர்களுக்கு வரைந்தவை. அவர்கள் பெரிய ஆப்பு செய்ய வேண்டும். நமக்கு, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்த 30 செ.மீ. அடிப்பலகையின் வடக்கு முனையில் 6 செ.மீ. உயரக் கட்டை வைத்தால் 11.4 டிகிரி வந்துவிடும். கொடைக்கானலுக்கு 5.4 செ.மீ. இந்த அடிப்பலகைமேல் கருவியை வையுங்கள், கீலின் ஊசி தெற்கு வடக்காக இருக்கட்டும்.

திசைதான் பாடு படுத்தும். கீலுக்கு இணையாக 20 செ.மீ. நீளத்தில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, அதன் வழியே துருவ நட்சத்திரத்தைப் பிடிக்க வேண்டும். அது உண்மையான துருவத்திலிருந்து அரை டிகிரிக்குச் சற்று அதிகமாக விலகியிருக்கிறது. கவலை வேண்டாம், 1 டிகிரி பிழை இருந்தாலும் இழுவை 60இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும், 50 மி.மீ.யில் ஒரு நிமிடத்துக்கு ஒரு பிக்சல்தான். சிக்கல் வேறு: இந்த அட்சரேகையில் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்தில் 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். எதிரே ஒரு மேடோ சில்வர் ஓக் வரிசையோ இருந்தால் தீர்ந்தது. அப்போது பகலிலேயே வடக்கைக் குறித்துவைத்துவிடலாம். தூக்குக்குண்டு கட்டிய நூலின் நிழல் உள்ளூர் நண்பகலில் சரியாகத் தெற்கு வடக்காக விழும். ஊட்டியில் பிப்ரவரி தொடக்கத்தில் அது 12.37 மணி. சூரியன் அந்நேரம் நிமிடத்துக்கு அரை டிகிரி திசை மாறுவதால் இரண்டு நிமிடம் தாமதித்தால் ஒரு டிகிரி போய்விடும். ஏப்ரல் 20ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே காணாமல் போகும், இந்த வித்தை பலிக்காது. போன் காம்பஸ் இரும்புக் கம்பி போட்ட மொட்டைமாடியில் பொய் சொல்லும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் நட்சத்திரத்தையே கேட்கலாம். கருவியை ஓட்டியபடி, தெற்கே உயரத்தில் வான நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு நட்சத்திரத்தை ஐந்து நிமிடம் கவனியுங்கள். தெற்கே வழுகினால் அச்சின் வடமுனை கிழக்கே தள்ளியிருக்கிறது; வடக்கே வழுகினால் மேற்கே. அதற்கேற்ப அடிப்பலகையைத் திருப்புங்கள்.

ஃபோகஸை லென்ஸின் முடிவிலிக் குறியை நம்பி வைக்கக் கூடாது. லைவ் வியூவில் (கேமராத் திரையில் நேரடிக் காட்சி) சிரியஸ் என்ற பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, மிகச் சிறிய புள்ளியாகும்வரை திருப்பி, வளையத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். ஜனவரியில் இரவு ஏற ஏறக் குளிர் உறைபனிவரை இறங்கும். லென்ஸ் சுருங்கி ஃபோகஸ் நழுவும், மணிக்கொரு தடவை சரிபாருங்கள். பனித்துளி அதைவிட மோசம். தெளிந்த வானத்தை நோக்கிய கண்ணாடி வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உடனே ஈரம் படியும். துணியால் துடைத்தால் மறுபடி படியும். பவர்பேங்கில் ஓடும் யுஎஸ்பி வெப்பப் பட்டை ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டுவதே வழி. உபரி பேட்டரியைச் சட்டைக்குள் வைத்திருங்கள்.

தொடங்கும் எண்கள்: 50 மி.மீ., எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, 60 நொடி, ரா ஃபைல் (கேமரா சுருக்காமல் தரும் மூலக் கோப்பு), 16 படம். சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இரண்டு கணினி மென்பொருளும் இலவசம். அடுக்கிக் கூட்டிக் கொடுக்கும். நட்சத்திர ஒளி 16 மடங்கு சேரும்போது இரைச்சல் (படத்தில் மணல்போல் தெரியும் பொய்ப் புள்ளிகள்) 4 மடங்குதான் கூடும், அதனால் படம் 4 மடங்கு சுத்தமாகும். கடைசியில் லென்ஸை மூடி அதே 60 நொடியில் பத்துப் பன்னிரண்டு எடுத்துவையுங்கள், சென்சாரின் சூட்டுப் புள்ளிகளைக் கழிக்க. இதை வீட்டுக்கு வந்து எடுத்தால் வெப்பநிலை வேறாகி, பயனில்லாமல் போகும்.

காலம் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச்வரை. அதற்கு முன் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் பக்கத்தை விடாது, ஜூனிலிருந்து தென்மேற்கு. இடம் வீட்டு மாடியோ, சொந்தக்காரர் அனுமதித்த தேயிலைத் தோட்டமோ போதும். இருட்டு தேடிக் காட்டோரம் போகாதீர்கள். இரவில் அங்கே நுழைய வனத்துறை விடாது, காட்டெருமையும் யானையும் ட்ரைபாடைப் பார்த்து ஒதுங்கிப் போகாது.

ஜனவரி நடுவில் இரவு பத்தே கால் வாக்கில் ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம் 73 டிகிரி உயரத்தில் இருக்கும், முதல் படத்துக்கு அதுவே நல்லது. மார்ச் கடைசியில் ஒன்றரை மணிக்கு விழித்திருந்தால் ஒமேகா சென்டாரி தெற்கே 31 டிகிரி உயரத்தில் நிற்கும், கிட்டத்தட்ட நிலாவின் அகலமுள்ள நட்சத்திரக் கொத்து. லண்டன்காரர்களுக்கு அது எழுவதே இல்லை. 135 மி.மீ. லென்ஸ் இருந்தால் போடுங்கள், நேரத்தை மட்டும் 20 நொடிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.